“இங்கே விளையாடத் தடை”: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன ஓகஸ்ட் விடுமுறையில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் எட்டுப் பேர் கடற்கரையோரப் பொதுக்காணி ஒன்றில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். சீருடை போட்ட ஒருவர் வந்து, “இங்கே விளையாடக் கூடாது, சட்டம்” என்று சொல்லி மட்டையையும் விக்கெட் தடிகளையும் எடுத்துக்கொண்டு போனார். எந்தச் சட்டம் என்று கேட்கப் போன இடத்தில் நான் மூன்று மேசை மாறினேன். ஒருவரிடமும் காகிதம் இல்லை. மட்டை ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது. அதற்குள் விடுமுறை முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் சனசமூக நிலையத்துக்கு வருகிறவர்கள் இதே மாதிரிக் கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றுக்குத் தேடிப் படித்த பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. வழக்கு என்று வந்துவிட்டால் சட்டத்தரணியிடம் போங்கள். வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

ஒரு பிரதேச சபையோ நகரசபையோ போடும் தடை எப்போது சட்டமாகிறது?

இது விளங்கினால் மற்றவை எல்லாம் இலகு. உள்ளூராட்சி சபைகளுக்கு விதி செய்யும் அதிகாரம் மூன்று சட்டங்களில் இருந்து வருகிறது: 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க நகரசபைகள் கட்டளைச் சட்டம், 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம். இவற்றின் கீழ் செய்யப்படுவதற்குப் பெயர் துணைவிதி. பத்திரிகைகளில் உபவிதி என்றும் எழுதுவார்கள்.

துணைவிதி என்றால் சும்மா ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடும் வேலை அல்ல. சபை கூடித் தீர்மானம் எடுக்க வேண்டும். பிறகு உள்ளூராட்சிக்குப் பொறுப்பான அமைச்சர் அங்கீகரிக்க வேண்டும். அதற்குப் பிறகு வர்த்தமானியில் வர வேண்டும். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு மாகாண அமைச்சர்கள் இல்லாத நிலையில் இந்த அங்கீகாரம் ஆளுநரிடம் போகிறது. இன்னொரு வழியும் உண்டு. 1952ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டத்தின்படி மேலிடம் பொதுவான மாதிரித் துணைவிதிகளை வெளியிடும். ஒரு சபை அவற்றைத் தீர்மானம் மூலம் ஏற்றுக்கொள்ளலாம். அப்போதும் வர்த்தமானி அறிவித்தல் வேண்டும்.

ஆகவே “சட்டம்” என்று யாராவது சொன்னால் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: எந்தத் துணைவிதி, எத்தனையாம் இலக்கம், எந்தத் திகதி வர்த்தமானி? மரியாதையாகக் கேளுங்கள். ஆனால் கேளுங்கள்.

பெரிய பலகை வைத்திருக்கிறார்களே, அது போதாதா?

போதாது. பலகை ஒரு விதியை அறிவிக்கலாம். பலகையே விதி ஆகாது. பல பலகைகளில் இலக்கமும் இல்லை, திகதியும் இல்லை. “உத்தரவுப்படி” என்று மட்டும் இருக்கும். யாருடைய உத்தரவு? 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் மக்கள் தெரிவு செய்த உறுப்பினர் ஒருவரும் சபையில் இருக்கவில்லை. அந்தக் காலத்தில் முளைத்த பலகை என்றால் அதன் பின்னால் என்ன தீர்மானம் இருக்கிறது என்று கேட்பதில் தப்பே இல்லை.

சபைக்குச் சொந்தமான ஒரு பூங்காவுக்கோ மைதானத்துக்கோ நேரம் குறிப்பது, ஒரு கழகத்துக்கு முன்பதிவு கொடுப்பது எல்லாம் வேறு. அது காணிச் சொந்தக்காரர் செய்யும் நிர்வாகம். அதற்கு நாம் ஒத்துழைக்கத்தான் வேண்டும்.

அந்த விதியின் பிரதியை எப்படி எடுப்பது?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்காகவே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஒவ்வொரு சபையிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவருக்கு எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. இலங்கைப் பிரஜையாக இருந்தால் போதும். எழுதத் தெரியாதவர் வாயால் கேட்டாலும் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும்.

நாங்கள் எழுதிய கடிதத்தில் இருந்தவை நான்கு வரிதான். இன்ன இடத்தில் விளையாட்டைத் தடை செய்யும் துணைவிதியின் பிரதி, அதை அங்கீகரித்த சபைத் தீர்மானத்தின் பிரதி, வர்த்தமானியின் இலக்கமும் திகதியும், அந்தப் பலகையை வைக்க உத்தரவிட்ட கடிதத்தின் பிரதி. கேள்வி சுருக்கமாக இருந்தால் பதிலும் நேராக வரும். கோபத்தைக் கடிதத்தில் எழுதினால் கோபத்துக்குத்தான் பதில் வரும், கேள்விக்கு வராது. இது நான் இரண்டாவது கடிதத்தில் படித்த பாடம்.

கடிதம் கிடைத்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், அல்லது மறுத்தால், 14 நாட்களுக்குள் அதே அலுவலகத்தில் மேன்முறையீட்டுக்கென்று குறிக்கப்பட்ட அலுவலரிடம் போகலாம். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

எங்களுக்கு வந்த பதில் ஒரு வரி: “அவ்வாறான துணைவிதி எதுவும் இல்லை.” அந்தக் காகிதத்தைச் சட்டகம் போட்டு நிலையத்தில் மாட்டியிருக்கிறோம்.

கடற்கரையில் கிரிக்கெட், கரப்பந்து, கால்பந்து ஆடலாமா?

பொதுவாக ஆடலாம். படகு இழுக்கும் இடம், வலை காயும் இடம், கரைவலை இழுக்கும் நேரம், இந்த மூன்றையும் விட்டு ஆடுங்கள். அது சட்டத்துக்காக அல்ல. அது ஒருவருடைய வயிறு.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்காரர் “இது தனியார் கடற்கரை” என்கிறார்களே?

அப்படி ஒன்று இல்லை. அலையடிக்கும் கரை அரசுடையது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், உயர் நீர்மட்டக் கோட்டில் இருந்து தரைப்பக்கம் 300 மீற்றரும் தாழ் நீர்மட்டக் கோட்டில் இருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றரும் கரையோர வலயம் என்று வரையறுத்திருக்கிறது. ஹோட்டலுக்கு உறுதிக்காணி இருக்கலாம். அந்தக் காணிக்குள்ளால் நடக்க உங்களுக்கு உரிமை கிடையாது. ஆனால் பொது ஒழுங்கையால் வந்து மணலில் நடந்தால், குளித்தால், பந்தாடினால் யாரும் துரத்த முடியாது. நாற்காலியும் குடையும் அவர்களுடையவை, மணல் எல்லாருடையதும்.

உள்ளூர்ப் பிள்ளைகளை மட்டும் துரத்திவிட்டு வெளிநாட்டவரை இருக்கவிடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு பிள்ளை என்னிடம் கேட்டான், “மாமா, அவங்களுக்கு மட்டும் கடல் வேறயா?” என்று. அதை இன்னும் மறக்க முடியவில்லை.

இரவில் கடற்கரையில் இருந்து கதைத்தால் பிடிப்பார்களா?

இரவில் கடற்கரையில் இருப்பதே குற்றம் என்று ஒரு பொதுச் சட்டம் இல்லை. ஊரடங்கு போடும் அதிகாரம் சபைக்கோ பொலிஸுக்கோ இல்லை. அது பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஜனாதிபதியிடம் இருக்கிறது.

சில நேரம் 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கமான அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தைச் சொல்லி இளைஞர்களை எழுப்புவார்கள். அது வெள்ளைக்காரர் காலத்தில் வேலை வெட்டி இல்லாமல் திரிகிறவர்கள், பிச்சை எடுக்கிறவர்கள் என்று சிலரைக் குறிவைத்து எழுதப்பட்டது. வேலை முடிந்து வந்து டச்சுக் குடாவில் காற்று வாங்கும் ஒருவரையோ, பரீட்சை முடிந்த மாணவனையோ அதற்குள் அடக்க முடியாது. அடையாள அட்டை கேட்டால் காட்டுங்கள். எதிர்த்துக் கத்த வேண்டாம். என்ன குற்றச்சாட்டு என்று மட்டும் கேளுங்கள். பொது இடத்தில் மது அருந்தினால் அது வேறு கதை, அங்கே சட்டம் உங்கள் பக்கம் இல்லை.

இதில் ஒரு விடயம் சொல்ல வேண்டும். இந்த ஊரில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் தடைக்குள்ளேயே வளர்ந்தவர்கள். இரவில் கடலுக்குப் போகத் தடை, பாஸ், சோதனைச் சாவடி, ஆறு மணிக்குப் பிறகு ஒழுங்கை முனைக்குக்கூடப் போகக் கூடாது என்ற அம்மாவின் கட்டளை. 2006இல் சம்பூர் மக்கள் ஊரைவிட்டுப் போனார்கள். பிறகு அது உயர் பாதுகாப்பு வலயம் என்று வர்த்தமானியில் வந்தது. காணிக்குத் திரும்ப அவர்கள் 2015 வரை காத்திருந்தார்கள். “கூடாது” என்று சீருடை ஒன்று சொன்னால் ஏன் என்று கேட்காமல் எழும்பிப் போகும் பழக்கம் எங்கள் உடம்பில் ஊறிக் கிடக்கிறது. அன்றைக்கு அந்தப் பழக்கம் உயிரைக் காத்தது. 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கும் அதையே சீதனமாகக் கொடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை. மட்டையைப் பறிகொடுத்த எட்டுப் பேரில் ஒருவன்கூட அன்றைக்கு வாய் திறக்கவில்லை. அவர்களுக்கு அந்தப் பயத்தைக் கொடுத்தவர்கள் நாங்கள்தான்.

கடதாசி விளையாட்டு, கரம்?

1889ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச் சட்டம் தடுத்தது பந்தயம் வைத்துப் பொது இடத்தில் ஆடுவதை. அதை நீக்கும் புதிய சட்டம் 2025இல் நிறைவேறியது. காசு இல்லாமல் மர நிழலில் 304 ஆடும் பெரியவர்கள் குற்றவாளிகள் அல்ல. மேசையில் காசு வந்தால் நிலைமை மாறும். சேவல் சண்டை அந்தப் பழைய சட்டத்திலேயே பெயர் சொல்லித் தடுக்கப்பட்டிருந்தது. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

பட்டம், ட்ரோன்?

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பட்டம் விடுவதற்குச் சபையிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆனால் சீனக்குடாவில் விமான ஓடுபாதை இருக்கிறது. விமானநிலையத்தைச் சுற்றிப் பட்டம் உயரப் பறப்பது விமானத்துக்கு ஆபத்து என்பதால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை அதைக் கட்டுப்படுத்துகிறது. அந்தப் பக்கம் இருப்பவர்கள் பட்டத்தைத் தாழ்வாகப் பறக்கவிடவும் வேண்டாம், உயர ஏற்றவும் வேண்டாம், வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள். மின்கம்பிப் பக்கம் எந்தப் பிள்ளையையும் விடாதீர்கள்.

ட்ரோன் அப்படி இல்லை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கட்டுப்பாடு இறுகியது. விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதிவும் வேண்டும், பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் வேண்டும். இந்த ஊரில் கடற்படைக் கட்டளையகம், கோட்டைக்குள் இராணுவம், சீனக்குடாவில் விமானப்படை. எந்தத் திசையில் பறக்கவிட்டாலும் ஒன்றில் முட்டும்.

கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியில் படம் எடுக்கலாமா?

மானை எடுங்கள், கடலை எடுங்கள், கோபுரத்தை எடுங்கள். பிரெட்றிக் கோட்டைக்குள் இராணுவக் கட்டடங்களையும் காவலரண்களையும் எடுக்காதீர்கள். 1955ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க அரசாங்க இரகசியச் சட்டம் சின்ன விடயம் இல்லை.

எல்லாக் கட்டுப்பாடும் பிழை என்கிறீர்களா? தூண்டில், சுழியோடல், சிப்பி பொறுக்குவது?

இல்லை. சில விதிகள் கடுமையாக இருப்பதற்குக் காரணம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. புறாமலை என்று நாங்கள் சொல்லும் புறாத்தீவு 1963இல் சரணாலயமாகி 2003இல் தேசிய பூங்காவானது. நிலாவெளிக் கரையில் இருந்து சுமார் ஒரு கிலோமீற்றர். அங்கே முருகைக்கல்லில் ஒரு துண்டு உடைக்கவோ, ஒரு சிப்பி எடுக்கவோ, மீன் பிடிக்கவோ கூடாது. முருகைக்கல் வளர ஆண்டுக்கணக்கில் எடுக்கும். ஒருவர் ஏறி நின்று செல்பி எடுக்க ஒரு நிமிடம் போதும், அது முறிந்துவிடும். ஒருநாள் நானே முறிந்த கிளைகளை மணலில் பார்த்தேன், எலும்பு மாதிரிக் கிடந்தன.

கடலுக்கு அடியில் மீன் குத்தும் ஈட்டித் துப்பாக்கி நாடு முழுவதும் தடை. முட்டையோடு இருக்கும் சிங்க இறாலைப் பிடிக்கக் கூடாது. ஆமை முட்டை எடுக்கக் கூடாது. இவற்றுக்கெல்லாம் இலக்கம் இருக்கிறது, வர்த்தமானி இருக்கிறது, காரணம் இருக்கிறது. நான் கேட்பது இந்த மூன்றையும்தான். இவை இருக்கும் இடத்தில் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தினால் அவர்களே காவல்காரர் ஆகிவிடுவார்கள்.

வீட்டில் மிருதங்கம், ட்ரம்ஸ் பழகுகிறோம். பக்கத்து வீட்டார் முறைப்பாடு செய்கிறார்கள்.

பழகுவதைத் தடுக்கும் விதி இல்லை. அயலவர் தூங்கும் நேரம் வேறு விடயம். ஒலிபெருக்கி பாவித்தால் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி அனுமதி வேண்டும். வெலிகமப் பள்ளிவாசல் ஒன்றைப் பற்றிய வழக்கில் 2007இல் உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்க வேண்டாம் என்று சொன்னது. விசேட தருணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. கோவில், பள்ளிவாசல், விகாரை, தேவாலயம், பிறந்தநாள் வீடு எல்லாருக்கும் அது ஒன்றுதான்.

ஒலிபெருக்கி இல்லாத பயிற்சிக்கு நான் சொல்வது: முறைப்பாடு வர முதல் நீங்களே போய்க் கதையுங்கள். “அக்கா, பின்னேரம் ஐந்தில் இருந்து ஆறரை வரை பழகட்டுமா?” என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் ஓம் என்பார்கள்.

கூத்துப் போட அனுமதி வேண்டுமா?

பொதுமக்களுக்குக் காட்டும் நாடகங்களுக்கு 1912ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் இன்னும் இருக்கிறது. பிரதியை முன்கூட்டியே கொழும்புத் தணிக்கைச் சபையிடம் கொடுத்து அனுமதி எடுக்க வேண்டும். நூறு வருடம் தாண்டிய அந்தச் சட்டத்தைத் தூக்கத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். அண்ணாவியார் வாயில் வளரும் ஒரு கூத்தை எந்தத் தாளில் எழுதி அனுப்புவது?

பெண்பிள்ளைகளை மைதானத்தில் விடமாட்டார்களாம், அதற்கும் விதி இருக்கிறதா?

ஒரு விதியும் இல்லை. இருந்தாலும் நிற்காது, அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. ஆனால் உண்மை என்னவென்றால் இந்தத் தடையைப் போடுவது சபை அல்ல, நாங்கள். மைதானம் பின்னேரம் முழுக்கப் பெடியன்களிடம் இருக்கும். விளக்கு இல்லை, மலசலகூடம் இல்லை. ஒரு பிள்ளை பந்தெடுத்தால் நான்கு பேர் நின்று பார்ப்பார்கள், ஒருவர் வீட்டுக்கு வந்து தகப்பனிடம் சொல்வார். எங்கள் நிலையத்தில் கிழமையில் இரண்டு பின்னேரம் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கினோம். முதல் மாதம் மூன்று பேர் வந்தார்கள், இப்போது இருபதுக்கு மேல். எல்லே ஆடுகிறார்கள், கரப்பந்து ஆடுகிறார்கள். அம்மாமார் சுவரோரம் இருந்து பார்க்கிறார்கள். சபையிடம் நீங்கள் ஏதாவது கேட்பதென்றால் இந்த நேர ஒதுக்கீட்டையும் ஒரு விளக்கையும் முதலில் கேளுங்கள்.

மட்டையைப் பறித்தால், அந்த இடத்திலேயே தண்டம் கேட்டால்?

துணைவிதியை மீறியதற்குத் தண்டம் விதிப்பது நீதவான். தெருவில் நிற்கும் ஊழியர் அல்ல. பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள். பொலிஸார் ஒரு பொருளைக் கைப்பற்றினால் அதை நீதவானுக்கு அறிவிக்க வேண்டும். எடுத்தவரின் பெயர், பதவி, திகதி, நேரம் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். நான் அன்றைக்கு எழுதவில்லை, பிறகு மூன்று மேசைக்கும் அதைத்தான் கேட்டார்கள்.

வேறு நாடுகளில் இப்படி உண்டா?

நிறைய. நியூயோர்க் நகரம் 1942இல் பின்போல் விளையாட்டு இயந்திரங்களைச் சூதாட்டம் என்று தடைசெய்து சுத்தியலால் உடைத்தது. 1976இல்தான் நீக்கினார்கள். ரொஜர் ஷார்ப் என்ற ஆட்டக்காரர் நகரசபைக்கு முன்னால் ஆடிக் காட்டி, இது அதிர்ஷ்டம் அல்ல, கைத்திறமை என்று நிரூபித்தார். எங்கள் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் வாழும் ரொறன்ரோவில் தெருவில் ஹொக்கி ஆடத் தடை இருந்தது, 2016இல் சபையே அதைத் தளர்த்தியது.

எங்களுக்குக் கூடுதலாக உதவுவது ஒரு பழைய ஆங்கில வழக்கு. 1898இல் கென்ற் மாவட்ட சபையின் துணைவிதி ஒன்று, வீடுகளுக்கு 50 யார் தூரத்துக்குள் நிறுத்தச் சொன்ன பிறகும் பாடுவதையோ வாத்தியம் வாசிப்பதையோ தடுத்தது. குரூஸ் எதிர் ஜோன்சன் என்ற அந்த வழக்கில் நீதிமன்றம் விதியைச் செல்லுபடியாக்கியது. ஆனால் துணைவிதி ஒன்று பாரபட்சமாக இருந்தால், வெளிப்படையாக அநியாயமாக இருந்தால், கெட்ட நோக்கத்தில் செய்யப்பட்டிருந்தால், மக்களின் உரிமையில் நியாயமே இல்லாமல் கைவைத்தால் அதைத் தள்ளிவிடலாம் என்றும் சொன்னது. எங்கள் சட்டத்துறையும் அந்த வழியில் வந்ததுதான்.

உண்மையிலேயே ஒரு விதி இருக்கிறது, அது அநியாயமானது. என்ன செய்வது?

முதலில் உங்கள் வட்டார உறுப்பினர். 2025இல் வாக்குக் கேட்டு வந்தவர்தானே. விதியின் பிரதியோடு போங்கள், மாற்று வாசகத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். “விளையாடத் தடை” என்பதற்குப் பதிலாக “கடினப் பந்து தடை, மாலை 4 முதல் 6.30 வரை மென்பந்து ஆடலாம்” என்று கொடுத்தால் அவருக்குச் சபையில் பேசவும் இலகு. பெற்றோர் கையெழுத்தும் மீன்பிடிச் சங்கத்தின் கையெழுத்தும் ஒரே தாளில் இருந்தால் நல்லது. சபை கூடும் நாளில் நாலு பேர் போய்ப் பார்வையாளர் பகுதியில் இருங்கள்.

அதுவும் சரிவராவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகம். அடிப்படை உரிமை வழக்கு என்றால் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும், ஆகவே பிந்தாதீர்கள். உள்ளூராட்சி மாகாணத்துக்குரிய விடயம் என்பதால் மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்கவும் வழி இருக்கிறது. இவை இரண்டுக்கும் சட்டத்தரணி வேண்டும்.

எந்த மொழியில் எழுத வேண்டும்?

தமிழில். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி என்று 1988இன் 16ஆம் திருத்தம் சொல்கிறது. பதிலும் தமிழில் வர வேண்டும். வேறு மொழியில் வந்தால் திருப்பி அனுப்பித் தமிழில் கேளுங்கள். எங்கள் நிலையத்துக்கு வந்தால் கடிதம் எழுத உதவி செய்கிறோம், செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் திறந்திருக்கும்.